எங்க கடையில கேட்டுத்தான் கொடுப்போம்

எங்க அண்ணிக்குக் கோபமே வராது. வீட்டுல அந்த இலாகா முழுக்க என் பொறுப்பு. கல்யாணமாகி வந்த புதுசுலயே எனக்கு மிளகான்னு பேர் வச்சுட்டாங்க. இன்னிக்கும் கடைக்கு வர்றவங்க அப்படித்தான் கூப்பிடறாங்க. நாத்தனாருக்கே பட்டப்பேர் வைக்கற அளவுக்குத் துணிச்சலான்னு அப்ப எகிறினேன். "பாத்தியா, பொருத்தமாத்தானே இருக்கு"ன்னு சிரிச்சாங்க. அதுக்கு மேல எகிற வழியில்லாமப் போச்சு.

கல்யாணத்துக்கு முன்னாடி அண்ணி ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில வேலை பார்த்தாங்க. இருட்டு ரூம்ல வந்தவங்களை உக்கார வச்சு, மூக்கு மேல அந்தக் கனமான சட்டத்தை மாட்டி, லென்ஸை மாத்தி மாத்திப் போட்டு, "இது தெளிவா இருக்கா, அது தெளிவா இருக்கா?"ன்னு கேக்கறதுதான் வேலை. அந்த வேலையைப் பத்திப் பேச ஆரம்பிச்சா நிறுத்தவே மாட்டாங்க. "முதல் தடவை கேட்டா எல்லாரும் ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்குன்னு சொல்லுவாங்க மிளகா. நமக்கு எதுக்குத் தொந்தரவுன்னு சொல்றது அது. கொஞ்சம் பொறுத்து மறுபடி கேக்கணும். அப்பத்தான் நிஜம் வரும்" என்பாங்க.

அண்ணன் அப்ப ரேடியோவும் டிவியும் ரிப்பேர் பண்ணிக்கிட்டு இருந்தாரு. கம்ப்யூட்டர் வந்ததும் அந்தப் பக்கம் சாய்ஞ்சாரு. உள்பாகங்களைத் தனித்தனியா வாங்கிட்டு வந்து, பெட்டியில கோத்து, மெஷினாக்கி விப்பாரு. கடை ரயில் பெட்டி மாதிரி நீளமா, குறுகலா இருக்கும். முன்னாடி கல்லாவுல நான், நடுவுல சால்டரிங் புகைக்குள்ள அண்ணன், கடைசியில ஜன்னலோரமா அண்ணி. அண்ணன் கோத்து முடிச்ச மெஷின் அண்ணி மேஜைக்குப் போகும். அவங்க அதுக்குள்ள ஆப்பரேட்டிங் சிஸ்டத்தை ஏத்தி, பேச்சு வரவழைச்சு, முன்னாடி அனுப்புவாங்க. ஆனா நேரா அனுப்பிட மாட்டாங்க. அங்கதான் சமாச்சாரமே.

மெஷின் வாங்க வந்தவங்களை அண்ணி தன் சுழல் நாற்காலியில உக்கார வைப்பாங்க. இன்டர்நெட்டைத் திறந்து பாக்கறதுக்குப் பிரவுசர் வேணுமே, அதுல ரெண்டு விதம் திரையில இருக்கும். "இதைத் தொட்டுப் பாருங்க. இப்ப அதைத் தொட்டுப் பாருங்க. எது உங்களுக்கு நல்லா வருது?" வந்தவங்க வழக்கம்போல ரெண்டும் ஒண்ணுதாங்கன்னு சொல்லுவாங்க. அண்ணி விட மாட்டாங்க. ஒரு டீயைக் கொடுத்து, கொஞ்சம் பொறுத்து, மறுபடி கேப்பாங்க. அவங்க எதைச் சொல்றாங்களோ அதைத் திரையில வச்சுட்டு இன்னொண்ணை எடுத்துருவாங்க. ஒரு ரிட்டையர்டு ஹெட்மாஸ்டர், "ரெண்டும் சும்மாதானே, ரெண்டையும் இருக்க விடும்மா, ஒண்ணு செத்தா ஒண்ணு"ன்னு கேட்டு ரெண்டையும் வச்சுக்கிட்டுப் போனாரு. அதுவும் சரின்னு விட்டுட்டாங்க. கல்லாவுல உக்காந்து கூட்டத்தைச் சமாளிக்கற எனக்குத்தான் ரத்தம் கொதிக்கும். "அண்ணி, கம்ப்யூட்டர் விக்கறோமா, பொண்ணு பாக்க வந்திருக்காங்களா?"ன்னு கத்துவேன். "இதோ ஆச்சு"ன்னு சத்தம் மட்டும் வரும்.

இந்த ரெண்டு பிரவுசர்ல ஒண்ணு, ஆப்பரேட்டிங் சிஸ்டம் செய்யற பெரிய கம்பெனியோடது. உலகத்துல முக்கால்வாசி மெஷின் அவங்க சிஸ்டத்துலதான் ஓடுது. நாங்களும் அதைத்தான் ஏத்தி வித்தோம். இன்னொண்ணு வேற ஒரு சின்னக் கம்பெனி செஞ்சது. முதல்ல பெரிய கம்பெனிக்குப் பிரவுசரே கிடையாது. அப்புறம் ஒண்ணு செஞ்சு, சிஸ்டத்துக்குள்ளயே சேர்த்துக் கட்டி அனுப்ப ஆரம்பிச்சாங்க. நல்லாத்தான் இருந்துச்சு, சும்மா சொல்லக் கூடாது. சும்மாவும் கிடைச்சுது. வேணாம்னு யாரு சொல்லுவா?

வினை அவங்க ஆள் உருவத்துல வந்துச்சு. அந்தக் கம்பெனி ஏஜென்ட்டுக்கு நாங்க வச்ச பேர் சிரிப்பு. நல்ல செய்தின்னாலும் சிரிப்பாரு, இழவுச் செய்தின்னாலும் சிரிப்பாரு. ஒருநாள் வந்து அண்ணி மேஜைப் பக்கம் நின்னு, அவங்க ஒருத்தரை உக்கார வச்சுக் கேக்கறதை முழுசாப் பாத்தாரு. வந்தவர் போனதும் சிரிச்சுக்கிட்டே சொன்னாரு. "மேடம், இப்படிப் பண்ணக் கூடாது. எங்ககிட்ட இருந்து முதல் திரை எப்படி வருதோ அப்படியே வாங்கறவங்க கைக்குப் போகணும். எதையும் எடுக்கவும் கூடாது, சேர்க்கவும் கூடாது. உங்களுக்குச் சிஸ்டத்தைச் சலுகை விலையில கொடுக்கறதே அந்தப் பேச்சுலதான்."

"நான் எதையும் திணிக்கலையே சார். கேக்கறேன், அவ்வளவுதானே?"ன்னாங்க அண்ணி.

"கேக்கவும் வேண்டாம் மேடம்."

எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம். "வீட்டை வாடகைக்கு விட்டுட்டு, கட்டிலை எந்தப் பக்கம் போடணும்னும் நீங்களே சொல்லுவீங்களா? நீங்க கம்பெனியா, மாமியாரா?"ன்னு கேட்டுட்டேன். சிரிப்பு அதுக்கும் சிரிச்சாரு. அண்ணன் என்னைப் பாத்த பார்வையில வாயை மூடிக்கிட்டேன். அன்னிலேர்ந்து அது எங்க வீட்டுல மாமியார் கம்பெனிதான்.

அண்ணன் சொன்னதுலயும் நியாயம் இல்லாம இல்லை. மெயின் ரோட்டுல ஒரு பெரிய ஷோரூம் வந்திருந்துச்சு. கண்ணாடிக் கதவு, ஏசி, கழுத்துல பட்டை மாட்டின பசங்க. அவங்களோட நாங்க மல்லுக்கு நின்னதே அந்தச் சலுகை விலையை வச்சுத்தான். சிஸ்டத்தை முழு விலைக்கு வாங்கினா, எங்க மெஷினைத் தொட்டுப் பாக்கக்கூட ஆள் வராது. "நிறுத்திரு"ன்னு அண்ணன் சொன்னாரு. அண்ணி நிறுத்திட்டாங்க. வந்தவங்க பணத்தைக் கட்டினாங்க, மெஷினைத் தூக்கிக்கிட்டுப் போனாங்க. சுழல் நாற்காலி சும்மாவே கிடந்துச்சு. கூட்டம் சட்டுனு கலைஞ்சுது, எனக்கு வேலை சுளுவாச்சு. ஆனா ஜன்னலோரத்துல அண்ணி, வந்த வேலையை முடிச்சமா எழுந்தமான்னு இருக்கறதைப் பாக்க நல்லாவே இல்லை.

அந்தச் சமயத்துலதான் அரசாங்கம் விசாரணைக் கமிஷன் போட்டுச்சு. இவ்வளவு பெரிய கம்பெனி, சிஸ்டத்தோட பிரவுசரையும் சேர்த்துக் கட்டி விக்கறது போட்டியை நசுக்கற வேலையா இல்லையான்னு பாக்கறதுக்கு. கமிஷனோட வக்கீலம்மா ஒருத்தங்க கடை கடையா ஏறி இறங்கினாங்க. எல்லாக் கடையிலயும் ஒரே பதில்தான், எங்களுக்கு ஒண்ணும் தெரியாதுங்க. தெரியாமயா இருக்கும்? வாயைத் திறந்தா சலுகை போயிரும்னு எல்லாருக்கும் பயம். எங்க கடைக்கு வந்தப்ப அந்தம்மா களைச்சுப் போயிருந்தாங்க. அண்ணி அவங்களைச் சுழல் நாற்காலியில உக்கார வச்சு, தண்ணி கொடுத்து, கேட்டதுக்கெல்லாம் பதில் சொன்னாங்க. "இதை வந்து விசாரணையில சொல்லுவீங்களா?"ன்னு கேட்டதுக்கு, "சொல்றேனே"ன்னுட்டாங்க.

அண்ணன் கையில இருந்த சால்டரிங் அயர்னைக் கீழே வச்சாரு.

வக்கீலம்மா படி இறங்கின உடனே ஆரம்பிச்சுது. அண்ணன் கத்தற ஆள் இல்லை. அன்னிக்குக் கத்தினாரு. "உனக்கென்ன தலையெழுத்தா? ஊர்ல இத்தனை கடைக்காரன் இருக்கான், ஒருத்தனாவது போறானா? சலுகை போனா அடுத்த நாளே நாம விக்கறதை நிறுத்தணும். புரியுதா உனக்கு?"

"புரியுதுங்க."

"புரிஞ்சுமா போறே?"

அண்ணி, "கம்பெனிக்காரங்க பொய் சொல்லச் சொல்லலைங்க, அதுவரைக்கும் சரி. ஆனா எதிர்ல உக்காந்திருக்கறவங்களைப் பாத்து உனக்கு எது வேணும்னு கேக்கறதே தப்புங்கறாங்க. கண்ணாடிக் கடையிலேர்ந்து எனக்குத் தெரிஞ்ச வேலையே அது ஒண்ணுதான். அதை எப்படிங்க தப்புன்னு ஒத்துக்கறது?"ன்னாங்க.

நான் ரெண்டு பேர் பக்கமும் பேசினேன். அண்ணிகிட்ட அண்ணன் சொல்றது சரின்னேன், அண்ணன்கிட்ட அண்ணி சொல்றது சரின்னேன். ரெண்டு பக்கமும் திட்டு வாங்கினதுதான் மிச்சம்.

விசாரணைக்கு முந்தின நாள் சிரிப்பு வந்தாரு. சலுகையைப் புதுப்பிக்கற நேரம் நெருங்குது மேடம், அவ்வளவுதான் சொன்னாரு. அன்னிக்கு மட்டும் அவர் சிரிக்கலை. பாவம், அவரும் சம்பளத்துக்கு மாரடிக்கற மனுஷன்தானே.

விசாரணைக்கு அண்ணன் வரலை. நான்தான் கூடப் போனேன். பெரிய ஹால், தேய்ச்சுப் பளபளன்னு வச்சிருந்த மேஜைங்க, பெஞ்சு நிறைய கோட்டுப் போட்டவங்க. நான் கடைசி பெஞ்சு ஓரமாப் போய் உக்காந்துக்கிட்டேன். அண்ணி கடைக்குப் போற மாதிரியே போய் நின்னு, கடையில நடந்ததை நடந்தபடி சொன்னாங்க. கமிஷன் வக்கீலம்மா கேட்டு முடிச்சதும், மாமியார் கம்பெனி வக்கீல் எழுந்தாரு. நரைச்ச தலை, தன்மையான பேச்சு.

"உங்ககிட்ட வாங்கினவங்க யாராவது, பிரவுசர் சும்மா கிடைக்குதேன்னு வருத்தப்பட்டாங்களாம்மா?"

"இல்லை சார். சும்மா கிடைச்சா யாரு வருத்தப்படுவா?"

ஹால்ல எல்லாரும் சிரிச்சாங்க.

"எங்க பிரவுசர் மோசம்னு சொல்றீங்களா?"

"இல்லை சார். நல்லாத்தான் இருக்கு."

"சரி. நீங்க ரெண்டையும் காட்டிக் கேட்டப்ப, நிறையப் பேர் எதை எடுத்தாங்க?"

நான் பெஞ்சு விளிம்பைப் பிடிச்சுக்கிட்டேன். அண்ணி, அண்ணி, கொஞ்சம் சுத்தி வளைச்சாவது சொல்லுங்களேன்னு மனசுக்குள்ள கதறினேன்.

"உங்களோடதைத்தான் சார்."

வக்கீல் கமிஷன்காரங்க பக்கம் திரும்பி ஒரு பார்வை பாத்தாரு. "அப்ப நீங்க கேட்டு என்னம்மா ஆச்சு? கேக்காம இருந்தாலும் அதேதானே?"

அண்ணி யோசிச்சாங்க. "சிலபேர் மத்ததை எடுத்தாங்க சார். அந்த மாதிரி ஆளுங்க இப்ப வந்தா, அப்படி ஒண்ணு இருக்கறதே அவங்களுக்குத் தெரியாது. மத்தபடி நீங்க சொல்றது சரிதான். கேக்கக் கூடாதுன்னு சொன்னாங்க, அதைச் சொல்லத்தான் வந்தேன்."

அவர் நன்றின்னு சொல்லிட்டு உக்காந்துட்டாரு. அவருக்குத் திருப்திதான். வெளியில வந்தப்ப கமிஷன் வக்கீலம்மா முகம் சுண்டிப் போயிருந்துச்சு. எனக்கோ பொங்கிக்கிட்டு வந்துச்சு. "கடையைப் பணயம் வச்சு இவ்வளவு தூரம் வந்து, அவங்களுக்கே சாட்சி சொன்னீங்களே அண்ணி!"ன்னு நடுரோட்டுல கத்தினேன். "நடந்ததைத்தானே சொன்னேன் மிளகா. பஸ் வருது பாரு"ன்னாங்க. பஸ்ல ஜன்னலோரம் உக்காந்ததும், கையில இருந்த டிக்கெட்டைச் சின்னச் சின்னதா மடிச்சுக்கிட்டே வந்தாங்க.

சலுகை வரலை. இல்லைன்னும் யாரும் சொல்லலை. பரிசீலனையில இருக்கு, பரிசீலனையில இருக்குன்னு இழுத்தடிச்சே கொன்னுட்டாங்க. முழு விலைக்கு சிஸ்டம் வாங்கிக் கொஞ்சநாள் பல்லைக் கடிச்சுக்கிட்டு ஓட்டினோம். வந்தவங்க விலையைக் கேட்டாங்க, ஷோரூம் பக்கம் நடந்தாங்க. ஒருநாள் அண்ணன் ஏணியை எடுத்துப் போட்டு ஏறி, போர்டுல விற்பனைங்கற எழுத்து மேல வெள்ளைப் பெயின்ட் அடிச்சுட்டு இறங்கினாரு. ரிப்பேர் மட்டும் மிஞ்சுச்சு. அண்ணி பவர் சப்ளை பிரிக்கக் கத்துக்கிட்டாங்க. நான் கீபோர்டுல சிந்தின டீயைத் துடைக்கக் கத்துக்கிட்டேன். பட்டினி கிடக்கலை, ஆனா பழைய கலகலப்பு போயிருச்சு.

அண்ணன் அண்ணியை ஒரு வார்த்தை குத்திச் சொல்லலை. அதுதான் கொடுமையே. நீ போனது தப்புன்னும் சொல்லலை, சரின்னும் சொல்லலை. சாப்பாடு, கடை, பிள்ளைங்க படிப்பு எல்லாம் பேசுவாரு. விசாரணைங்கற பேச்சு வந்தா எழுந்து போயிருவாரு. அண்ணிக்கு அது உள்ளுக்குள்ள முள்ளாக் குத்திக்கிட்டே இருந்துச்சு. ஒரு தடவை துணி மடிச்சுக்கிட்டே என்கிட்ட, "உங்க அண்ணன் என்னை நல்லாத் திட்டியிருந்தாக்கூடப் பரவாயில்லை"ன்னாங்க. கடை போனதைவிட அவங்களுக்கு அதுதான் பெரிசு. நான் என்னத்தைச் சொல்ல? என்கிட்ட இருந்தது வெறும் கோபம், அதை யார் மேல கொட்டறதுன்னும் தெரியலை.

விசாரணை அப்பீல், அப்பீலுக்கு அப்பீல்னு வருஷக்கணக்கா நடந்துச்சு. பிள்ளைங்க வளர்ந்துட்டாங்க. அந்தச் சின்னக் கம்பெனி எப்பவோ கையைக் கழுவிட்டுப் போயிருச்சு, வேற புதுப் புதுப் பிரவுசர்லாம் வந்தாச்சு. கடைசியில தீர்ப்பு வந்துச்சு. இனிமே விக்கற ஒவ்வொரு மெஷின்லயும், முதல் தடவை திறக்கறப்ப, பல பிரவுசரையும் வரிசையாக் காட்டி, எது வேணும்னு வாங்கறவங்களைக் கேக்கணுமாம். டிவியில அதைச் சொன்னப்ப சாப்பிட்டுக்கிட்டு இருந்தோம். நான் தட்டை அப்படியே வச்சுட்டுக் கைதட்டினேன். அண்ணன் தண்ணியைக் குடிச்சுட்டு, "நடக்கட்டும்"னு எழுந்து போயிட்டாரு. அண்ணி அவர் போறதையே பாத்துக்கிட்டு இருந்தாங்க.

அதுக்கப்புறம் கொஞ்ச நாள்ல எங்க தெருமுனை டெய்லர் ஒரு புது மெஷினைக் கட்டிப் பிடிச்சுக்கிட்டுக் கடைக்குள்ள வந்தாரு. வயசான மனுஷன். டிசைன் பாக்கறதுக்குன்னு ஷோரூம்ல வாங்கியிருக்காரு. வேற எங்க வாங்க முடியும்?

"தங்கச்சி, புது மெஷினே கோளாறா வந்திருச்சு. திறந்தா வேலை செய்ய மாட்டேங்குது. என்னமோ கேள்வி கேக்குது. எங்கயும் நகர மாட்டேங்குது. அந்தக் கேள்வியை எடுத்துட்டுச் சரி பண்ணிக் கொடு."

அண்ணி மெஷினை ஆன் பண்ணிப் பாத்தாங்க. திரையில வரிசையாப் படங்க. மேல, எந்தப் பிரவுசர் வேணும்னு கேள்வி.

அண்ணி சிரிச்சாங்க பாருங்க, அப்படி ஒரு சிரிப்பு. மேஜையைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க. எனக்கோ அழுகையே வந்துருச்சு. எங்க பொழைப்பையே முழுங்கின கேள்வி, இப்ப எங்க கடைக்கே கோளாறுன்னு ரிப்பேருக்கு வந்து நிக்குது! டெய்லர் ஒண்ணும் புரியாம எங்க மூஞ்சியை மாத்தி மாத்திப் பாத்தாரு.

"இது கோளாறு இல்லைண்ணே. உங்களைக் கேக்குது, அவ்வளவுதான். இப்படி உக்காருங்க"ன்னு அண்ணி அவரைச் சுழல் நாற்காலியில உக்கார வச்சாங்க.

"என்னை எதுக்குக் கேக்கணும்? எதையாவது நீயே அமுக்கி விடு தங்கச்சி."

"நான் அமுக்கறது எப்படிண்ணே? மெஷின் உங்களுது. இதைத் தொட்டுப் பாருங்க. சரி, அதையும் தொட்டுப் பாருங்க."

"எல்லாம் ஒண்ணாத்தான் இருக்கு."

நான் டீ வாங்கிட்டு வந்தேன். அவர் ஊதி ஊதிக் குடிச்சு முடிக்கற வரைக்கும் அண்ணி சும்மா உக்காந்திருந்துட்டு மறுபடி கேட்டாங்க. டெய்லர் கண்ணாடியை மேல தள்ளி விட்டுக்கிட்டு, ஒவ்வொண்ணாத் திறந்து, திரைகிட்டப் போய்ப் போய்ப் பாத்தாரு. கடைசியில ஒண்ணு மேல விரலை வச்சாரு. மாமியார் கம்பெனியோடது.

"அடப்பாவி மனுஷா!"ன்னு எனக்கு வாய் வரைக்கும் வந்துருச்சு. இதுக்கா இத்தனையும்? அண்ணி கையைக் காட்டி என்னை நிறுத்திட்டு, "ஏண்ணே இதை எடுத்தீங்க?"ன்னு கேட்டாங்க.

"இதுல எழுத்து கொஞ்சம் தடிப்பாத் தெரியுது தங்கச்சி. ஊசி கோத்துக் கோத்து என் கண்ணு போயிருச்சுல்ல. மத்ததெல்லாம் மசங்கலா இருக்கு."

"அப்ப இதுதாண்ணே உங்களுக்குச் சரி"ன்னு அண்ணி அதையே வச்சுக் கொடுத்தாங்க. அவங்க முகத்துல அப்படி ஒரு நிறைவு. எனக்கு எரிச்சல்தான், மறைப்பானேன்.

டெய்லர் மெஷினைத் தூக்கிக்கிட்டு முன்னாடி வந்து, பையைத் துழாவினாரு. "ரிப்பேருக்கு எவ்வளவும்மா ஆச்சு?"

நான் வாயைத் திறக்கறதுக்குள்ள நடு மேஜையில இருந்து அண்ணன் குரல் வந்துச்சு. குனிஞ்ச தலை நிமிரலை.

"அதுக்கெல்லாம் காசு வாங்கறதில்லைங்க. எங்க கடையில மெஷின் விக்கறப்ப, கேட்டுத்தான் கொடுப்போம். என் வீட்டுக்காரி பழக்கம் அது."

நாங்க மெஷின் விக்கறதை நிறுத்தி எத்தனையோ வருஷமாச்சு. டெய்லருக்கு அதெல்லாம் எங்க ஞாபகம், நல்லதுப்பான்னு கும்பிட்டுட்டுப் படி இறங்கிட்டாரு. அண்ணி திரும்பி அண்ணனையே பாத்தாங்க. அவர் நிமிராம வேலையைப் பாத்துக்கிட்டு இருந்தாரு. அண்ணி எழுந்து உள்ள போனாங்க. ரொம்ப நேரம் குழாயில தண்ணி விழற சத்தம் கேட்டுச்சு. முகத்தைக் கழுவிட்டு வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, அண்ணன் பக்கத்துல உக்காந்துக்கிட்டாங்க.